கட்டைக்கரியும் அச்சுக்கரியும்

அந்தச் சாக்கு மேல உட்காராதீங்கக்கா, கரி ஒட்டிக்கிரும். இந்தப் பலகையில உட்காருங்க. கையை நிப்பாட்டாமப் பேசுறேன்னு தப்பா நெனைக்காதீங்க. பொழுது சாயறதுக்குள்ள இந்த மூட்டையப் பிரிச்சு முடிக்கணும். இல்லாட்டி சாயங்கால அடுப்புக்குக் கரி இருக்காது.

பெரிய வேலையெல்லாம் இல்ல. ரெண்டு கட்டையை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டணும். இந்தா, வளையல் மாதிரி கிணுங்குது பாருங்க, இது வெந்த கரி. பெரிய கட்டை, முழுக்கோழிக்கு. இதைத் தட்டுனா சத்தமே வரல, கதவைத் தட்டுன மாதிரி இருக்கு. உள்ளுக்குள்ள வேகல. இது அடுப்புக்குப் போச்சுன்னா கண்ணைக் கரிக்கிற புகை வரும், கோழியில கசப்பு ஏறிரும். சின்னக் கட்டையெல்லாம் கம்பியில குத்துற துண்டுக்கறிக்கு. நொறுங்கல் பத்தவைக்க. கல்லு, மண்ணாங்கட்டி தனியா. மிஞ்சுறது தூளு. தூளுதான்க்கா ஜாஸ்தி. எங்க போனாலும் தூளு. சோத்துல தூளு, பாப்பா காதுக்குள்ள தூளு.

அட, வந்துட்டாளே உங்ககிட்ட. தன்ஷி, அக்கா சேலையில கையை வைக்காத. வெள்ளைப் பூப் போட்ட சேலை. இல்லக்கா, நீங்க சும்மா சொல்றீங்க, அந்தக் கறை போகாது. எனக்குத் தெரியும்.

நீங்க கை கழுவ வந்தீங்க. கோழி வேகுற மட்டும் இங்கனயே இருங்களேன். முன்னாடி போய் நின்னீங்கன்னா பெரியத்தான் உங்ககிட்ட வியாபாரம் பேசிக்கிட்டே இருப்பாக. இந்தப் பின்கொட்டகைக்கு யாரும் வரமாட்டாக. நான் யார்கிட்டயும் இம்புட்டுப் பேசுனதில்ல. கேட்டா பதில் சொல்லுவேன், அவ்வளவுதான். எங்க அத்தை, அதான் மாமியார், "ஊமைக்கோட்டானா கட்டிட்டு வந்திருக்கான்"னு கல்யாணத்தன்னிக்கே சொன்னாக. தமாசுக்குத்தான்.

நீங்க கொண்டு வந்த அச்சுக்கரியில ஒரு கோழி, எங்க கட்டைக்கரியில ஒரு கோழி. எது ருசியோ அதை வாங்கிக்கிறோம்னு பெரியத்தான் சொன்னாகல்ல? ருசி பாக்கப்போறது யாருன்னு சொன்னாகளா? சொல்லியிருக்க மாட்டாக. நாந்தான்க்கா.

சிரிக்காதீங்க. மெய்யாத்தான். இந்த வீட்ல நாக்கு உள்ளவ நான் ஒருத்திதான். பெரியத்தான்னா எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன், கடை அவுக பேர்லதான், சோலையப்பன் சுட்டகோழின்னு. அவுக எந்நேரமும் வாயில புகையிலையை அடக்கி அடக்கி, மிளகாயா வெல்லமானு கேட்டா யோசிச்சுத்தான் சொல்லுவாக. அத்தை பழனிக்கு நேந்துக்கிட்டுக் கவிச்சியை விட்டாச்சு. கோழிக்கடையில இருந்துக்கிட்டு மோர்ச்சோறுதான். பாப்பா அப்பாவுக்கு அடுப்புல நின்னு நின்னு மூக்கே செத்துப்போச்சு. ஒருநாள் தோள்ல போட்ட துண்டுல நெருப்புப் பிடிச்சிருக்கு, சாப்பிட வந்தவுக சொல்லித்தான் தெரியும் அவுகளுக்கு. மிச்சம் யாரு? நானும் இவளும். இவளுக்கு ரெண்டரை வயசு.

போன ஐப்பசியில ஒரு மழை ஊத்துச்சு பாருங்க. எங்க ஊரு சாயல்குடிப் பக்கம். இந்தக் கரி அங்கயிருந்துதான் வருது. வாரந்தவறாம மூட்டை வரும். நாந்தான் போகல. அந்த மழையில அங்க யாரும் கரி சுட முடியல, இருந்த மூட்டையும் நனைஞ்சுபோச்சு. அப்பத்தான் வேற ஏதோ கம்பெனிக்காரர் பெட்டி பெட்டியா அச்சுக்கரி கொண்டாந்து இறக்குனாரு. உங்களது மாதிரித்தான், கரித்தூளை அச்சுல அழுத்துனது, பணியாரம் மாதிரி ஒரே அளவு. கையில எடுத்தா அவ்வளவா ஒட்டாது. பிரிக்க வேண்டாம், தட்ட வேண்டாம். பெட்டியைத் திறந்து கொட்ட வேண்டியதுதான்.

அந்த ஒரு பருவந்தான்க்கா. மழைக்காலம் மட்டும்.

அதுக்கு முன்னாடியெல்லாம் கரி பிரிக்க வேற ஒரு அம்மா வரும். அச்சுக்கரி வந்ததும் அந்த அம்மாவை நிப்பாட்டிட்டாக. எனக்கு எலை கழுவ, வெங்காயம் உரிக்க, அவ்வளவுதான் வேலை. பாப்பாவுக்கு அப்பத்தான் பால்வாடிக்குப் போற வயசு வந்துச்சு, காலையில தூக்கிக்கிட்டுப் போவேன். பைபாஸைத் தாண்டி அந்தப் பக்கம், வேப்பமரம் தெரியுதுல்ல, அதுக்குப் பின்னாடி. விட்டுட்டு உடனே வந்துரணும். ஆனா நான் வரமாட்டேன். பால்வாடி வாசல்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைக பாடுறது கேக்கும். நானும் ஆறாவது வரைக்கும் போனவதான, அந்தப் பாட்டெல்லாம் எனக்கும் தெரியும். மத்த பிள்ளைகளோட அம்மாமாரும் இருப்பாக. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாக. முனீஸ்வரி, ஒம் மக நல்லாக் கைதட்டுதேன்னாக. இந்த ஊர்ல என்னை அப்பத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டாக. மத்தவுகளுக்கு நான் கோழிக்கடை மருமக.

அப்ப கையெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. மருதாணி கூட வச்சேன்.

அதுக்கப்புறம் சாப்பிட வர்றவுக முணுமுணுக்க ஆரம்பிச்சாக. லாரிக்காரவுக, எப்பவும் வர்றவுக. "என்னண்ணே, கோழி முன்ன மாதிரி இல்லையே." "கோழிக்காரனை மாத்திட்டீகளா?" பெரியத்தான் மசாலாவை மாத்திப் பாத்தாக, கோழியை மாத்திப் பாத்தாக. ஒண்ணும் பிடிபடல. ஒருநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடுறோம். நான் அடுப்படிப் பக்கம், அவுகல்லாம் பெஞ்சில. பெரியத்தான் தலையைப் பிடிச்சுக்கிட்டு, "அப்படி என்னதாண்டா கெட்டுப்போச்சு நம்ம கோழிக்கு?"ன்னாக.

என் வாயில ஒரு துண்டு இருந்துச்சு. நான் பாட்டுக்கு, "மண்ணு வாசம் அடிக்குது"ன்னுட்டேன்.

அவ்வளவுதான்க்கா சொன்னேன். அதுவும் தட்டைப் பாத்துத்தான் சொன்னேன். எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாக. இந்த வீட்டுக்கு வந்து அன்னிக்குத்தான் எல்லாரும் ஒண்ணா என்னைப் பாக்குறாக. பெரியத்தான் எந்திரிச்சு வந்து, "என்னத்தா சொன்ன, திரும்பச் சொல்லு"ன்னாக. பயமாப்போச்சு எனக்கு. "புது மழை பேஞ்ச மண்ணு மாதிரி ஒரு வாசம் இருக்கு. கறியில இல்ல, கறிக்கு மேல. புகையில இருந்து வருது"ன்னேன். பெரியத்தான் ஒரு பழைய கட்டைக்கரியைத் தேடி எடுத்துவந்து, அதுல ஒரு துண்டு சுடச் சொல்லி எனக்குக் குடுத்தாக. அதுல அந்த வாசம் இல்ல. இல்லன்னு சொன்னேன். உள்ளதைத்தான சொல்ல முடியும்?

"பாத்தியாடா ஒம் பொண்டாட்டி நாக்கை" அப்படின்னாக பெரியத்தான். பாப்பா அப்பா சிரிச்சாக. அவுக அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. வர்றவுக போறவுககிட்ட எல்லாம் சொன்னாக, "எங்க வீட்டுப் பிள்ள ஒரு வாய் தின்னுட்டு எந்தக் கரின்னு சொல்லிரும்"னு. அத்தை கூட, "ஊமைன்னு நெனச்சேன், வாயைத் திறந்தா வெவரமாத்தான் திறக்குறா"ன்னாக. அன்னிக்கு எனக்கு முழுக்கால் ஒண்ணு எடுத்து வச்சாக தட்டுல. எப்பவும் எனக்குக் கழுத்துத்தான்.

எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. ஆமாக்கா, பொய் சொல்லல, ரொம்பச் சந்தோசமா இருந்துச்சு.

மறுவாரம் மூட்டை வந்து இறங்குச்சு. பழைய அம்மாவைக் கூப்பிடலாம்னு பாப்பா அப்பா சொன்னாக. பெரியத்தான், "எதுக்குடா வெளியாளு? கரியைப் பத்தி நம்ம முனீஸ்வரிக்குத் தெரிஞ்ச மாதிரி எவளுக்குத் தெரியும்"னுட்டாக. பெருமையாத்தான் சொன்னாக. அப்படி உட்கார்ந்தவதான் இங்க.

பால்வாடிக்குப் பிறகு போகல. காலையில மூட்டை பிரிச்சாத்தான் மத்தியானத்துக்கு ஆகும், மத்தியானம் பிரிச்சாத்தான் ராத்திரிக்கு ஆகும். யாரு கொண்டுபோய் விடுறது? என் செருப்பை இப்ப அத்தை போட்டுக்கிறாக. நாந்தான் குடுத்தேன். எங்கயும் போகலன்னா செருப்பு எதுக்கு, சும்மா கெடந்து மக்கிப் போகும்.

முன்பக்கம் போறதும் இல்ல. போகக்கூடாதுன்னு யாரும் சொல்லல. ஒருநாள் தண்ணி வைக்கப் போனேன், பெரியத்தான், "ஏத்தா, ஒன்னையப் பாத்தா கோழி கருகிப்போச்சுன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க"ன்னாக. எல்லாரும் சிரிச்சாக, நானும் சிரிச்சேன். அவுக தமாசாத்தான் பேசுவாக எப்பவும். என்னை யாரும் அடைச்சு வைக்கலக்கா. கொல்லைக் கதவு பாருங்க, நாள் முழுக்கத் திறந்தேதான் கெடக்கு. அந்தப் பக்கம் கரி மூட்டை அடுக்கியிருக்கு, அம்புட்டுத்தான்.

என்னைப் பத்திச் சொல்ல வரல நான். இவ நெஞ்சுல காதை வச்சுப் பாருங்க. கேக்குதா? பூனைக்குட்டி மாதிரி. தை மாசத்துல இருந்து இப்படித்தான். மூச்சை இழுத்து இழுத்து விடுறா. டாக்டரம்மா மூச்சுல இழுக்குற மருந்து எழுதிக் குடுத்து, "இது தூசியில இருக்கக்கூடாதும்மா, இருந்தா மருந்து கேக்காது"ன்னாக. நான் கரி பிரிக்கிறேன்னு சொல்லல. என் கையைப் பாத்தாக. அவுகளும் அதுக்கு மேல கேக்கல. வந்து பாப்பா அப்பாகிட்டச் சொன்னேன். அவுக தொட்டிலை அந்தப் பக்கம், காத்து வர்ற பக்கமா மாத்திக் கட்டுனாக. வேலையை விட்டுட்டு வந்து கட்டுனாக, பாவம். ஆனா எந்திரிச்சா இவ என்னைத் தேடி இங்கதான வருவா. எங்க போவா?

அதனால காலையில நீங்க வண்டியில இருந்து பெட்டியை இறக்குனப்ப எனக்குக் கை ஓடல. அச்சுக்கரின்னு பெட்டியில பெருசா எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படிச்சேன். பெரியத்தான், "போன தடவையே வாங்கிக் கெட்டோம், வேண்டாம்"னாக. நீங்க விடல. "நீங்க கரி மேல சாம்பல் வெள்ளை பூக்குறதுக்கு முன்னாடியே கோழியை வச்சிருப்பீங்க, இடையில பத்தாத கரியைப் பச்சையா அள்ளிப் போட்டிருப்பீங்க. அதுதான் வாசம்"னு சொன்னீகல்ல, அதைக் கேட்டதும் எனக்குத் திக்குன்னுச்சு.

ஏன்னா பாப்பா அப்பா அப்படித்தான்க்கா செஞ்சாக. கட்டைக்கரிக்கு வெள்ளை பூத்தா அணையப் போகுதுன்னு அர்த்தம். உடனே ஒரு கை அள்ளிப் போடணும். சின்னப்பிள்ளையில இருந்து அப்படிப் பழகுன கை. உங்க கரி வெள்ளை பூத்தாத்தான் பதம்னு யாருக்குத் தெரியும்? கரியில குத்தம் இல்ல. மண்ணு வாசம்னு நான் சொன்னதும் பொய் இல்ல. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எவனாவது ஒருத்தன் பதம் கண்டுபிடிச்சிருப்பான். இவ இந்நேரம் பால்வாடியில கைதட்டிக்கிட்டு இருந்திருப்பா.

உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க.

மறுபடியும் என்னைத்தான் ருசி பாக்கச் சொல்லுவாகன்னு எனக்குத் தெரியும். கொஞ்சூண்டு வாசம் இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும். எனக்குப் பொய் வராதுக்கா. வாய் சொன்னாலும் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். அதனால நீங்க அடுப்புப் பத்தவைக்கப் போனப்ப, அத்தையோட வெத்தலைப் பெட்டியில இருந்து ஒரு விரல் சுண்ணாம்பு எடுத்து நாக்குல தேச்சுக்கிட்டேன். இந்தா பாருங்க. பொத்துப்போச்சுல்ல? கொஞ்சம் எரியுது, அவ்வளவுதான். இப்ப என் வாயில சக்கரையைப் போட்டாலும் தெரியாது, சாம்பலைப் போட்டாலும் தெரியாது. ரெண்டு கோழியையும் தின்னுட்டு, எனக்கு வித்தியாசம் தெரியலன்னு சொல்லலாம். பொய்யா அது? தெரியாததைத் தெரியலன்னுதான சொல்றேன். ஒரே ருசின்னு ஆகிட்டா அச்சுக்கரியை வாங்கிருவாக. நீங்கதான் நெதமும் கொண்டாந்து இறக்குறேன்னு சொல்றீகளே, மழைக்கும் பயமில்ல, வெயிலுக்கும் பயமில்ல.

ஏன்க்கா அப்படிப் பாக்குறீங்க? ஆறிரும். சுண்ணாம்புப் புண்ணு சீக்கிரம் ஆறிரும்.

பொறுங்க. கொஞ்சம் சாஞ்சு உட்காருங்க, உங்க தலை மறைக்குது. அந்தத் தட்டி இடுக்கு வழியா எனக்கு அடுப்பு தெரியும். டிரம் அடுப்பு மூடியைத் திறக்குறாக பாப்பா அப்பா. உங்க அச்சுக்கரி போட்ட டிரம்தான், இடது பக்கத்தது. பாக்குறாக. வெள்ளை பூத்திருக்குது போல. நல்லதுதான, நீங்க சொன்ன மாதிரி.

குனியுறாக.

அள்ளிப் போட்டுட்டாக.

எந்திரிக்காதீங்கக்கா. உட்காருங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், உட்காருங்க. போட்டாச்சு. மூடியையும் போட்டாச்சு. இனிமே போய் எடுக்கவா முடியும்? வேணும்னு செய்யலக்கா அவுக. அணையப் போகுதுன்னு நெனைச்சிருப்பாக. கை பழகிப்போச்சு. நீங்க அங்க போய், சொன்னேன்ல, போடாதீங்கன்னு சொன்னேன்லன்னு கேட்டீங்கன்னு வைங்க, பெரியத்தான் முன்னாடி, ஒரு வெளியூர்ப் பொம்பளை கேட்டான்னா அவுகளுக்கு எப்படி இருக்கும்? "ஒரு கரியைக் கூட ஒழுங்காப் போடத் தெரியாதாடா"ன்னு பெரியத்தான் எல்லாரையும் வச்சுக்கிட்டுக் கேப்பாக. பிறகு நீங்க வண்டியேறிப் போயிருவீங்க. பாப்பா அப்பா கை நீட்டமாட்டாக, அந்தப் பழக்கம் இல்ல. ஆனா பேசமாட்டாக. போன வருசம் ஒருக்கா ஒரு மாசம் பேசல. இந்தக் கொட்டகையில அவுக ஒருத்தர்தான் எங்கிட்டப் பேசுறவுக. அவுகளும் பேசலன்னா எனக்கு இந்தக் கட்டை கிணுங்குற சத்தம் மட்டுந்தான்.

பரவாயில்லக்கா. அதான் சொன்னேன்ல, எனக்கு ருசி தெரியாது இப்ப. வாசம் ஏறியிருந்தாலும் என் நாக்குக்குத் தெரியப்போறதில்ல. ஒண்ணும் ஆகாது. நீங்க பாப்பாவப் பிடிச்சுக்கங்க, நான் இந்தக் கடைசிக் குவியலை மட்டும்...

ம்.

காத்து இந்தப் பக்கம் திரும்பிருச்சு.

உங்களுக்கு வருதாக்கா? வரலையா? நல்லா இழுத்துப் பாருங்க. இல்ல, கறி வாசம் இல்ல, அதுக்கு மேல. புது மழை பேஞ்ச மாதிரி. அதேதான். நான் ஒரு மடச்சி. நாக்கைத்தான் புண்ணாக்கிக்கிட்டேன், மூக்கு சும்மாத்தான இருக்கு. கறியை வாய்ப்பக்கம் கொண்டு போறப்பவே தெரிஞ்சிருமே எனக்கு. பெரியத்தான் நான் மெல்லுறதைப் பாக்கமாட்டாக, என் மூஞ்சியத்தான் பாப்பாக. போன தடவையும் அப்படித்தான் பாத்தாக.

தன்ஷி, இருமாதடா. இங்க வா. வேண்டாம், இங்க வராத, அங்கயே இரு. அக்காகிட்ட இரு.

"ஏ பிள்ள, கோழி வெந்துருச்சு. அண்ணன் கூப்பிடுறாரு, வா ருசி பாக்க."

கேட்டுச்சா? பாப்பா அப்பாதான். குரல்ல எம்புட்டுப் பெருமை பாருங்க. இந்தா வாரேங்க, கையைக் கழுவிட்டு வாரேன்.

அக்கா, இவளை மடியிலேயே வச்சுக்கங்க, கீழ விட்டுறாதீங்க, தூளு. நான் போய், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டு வந்துருறேன். நாக்கு செத்துக் கெடக்குறது மெய்தான, சாமி குத்தம் ஆகாதுல்ல? மூக்கைப் பத்தி யாரும் கேக்கப்போறதில்ல. கேட்டா மட்டும், பெரியத்தான் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே, ஏத்தா, வாசம் எப்படி இருக்குன்னு கேட்டா மட்டும் நான்...